அறிவித்தலும் கணக்கொப்புவித்தலும்: பெருந்தொழில்நுட்ப நிறுவனங்களின் வாக்குறுதிகள் பற்றி

யாழ்ப்பாணத்தாரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை, காணி விற்பனை தொடர்பாக ஒரு விதியைக் கொண்டிருந்தது. ஒருவர் தமது காணியை விற்க எண்ணினால் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஒற்றியாக, அதாவது வட்டிக்கு ஈடாக விளைச்சலை எடுத்துக்கொள்ளும் அடைமானமாக, வைத்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அதை வாங்குவதில் முன்னுரிமை இருந்தது. அந்த முன்னுரிமை வெறும் பேச்சாகப் போய்விடாதிருக்க, விற்கும் எண்ணம் அவர்கள் சார்ந்த தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ச்சியாக அறிவிக்கப்பட வேண்டும் என்று ஒல்லாந்தத் தளபதி புளோம் கட்டளையிட்டிருந்தார். கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட 1707ஆம் ஆண்டுத் தொகுப்பில் இவ்விதி பதிவாகியுள்ளது. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய பிரிவுகளும் உள்ளமையால், அதைப் பொற்காலத்துச் சாசனம் என்று போற்றுவதற்கு எவ்வித அவசியமும் இல்லை. ஆயினும் அறிவித்தல் என்ற செயலை அது எவ்வாறு விளங்கிக்கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது: விற்பனைக்கு முன்பே, பாதிக்கப்படக்கூடியவரின் காதில் விழும் இடத்தில் அறிவிக்கப்பட்டதோடு, கேட்டவர் குறித்த தவணைக்குள் முன்வந்து தடுக்கவும் வாங்கவும் உரிமை பெற்றார்.

இன்றைய பெருந்தொழில்நுட்ப நிறுவனங்களும் ஓயாமல் அறிவித்துக்கொண்டேயிருக்கின்றன. புதிய திட்டம், திருத்திய தனியுரிமைக் கொள்கை, அரையாண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கை, மனித உரிமை மதிப்பீட்டின் சாரம் என்று அறிவிப்புகளுக்குக் குறைவே இல்லை. எனினும் அவற்றுட் பல காரியம் முடிந்த பின்னர் வருபவை; பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருபவை; ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறெதையும் கேட்டவர் கையில் தராதவை. ஆகவே இவ்வுரை இரு சொற்களைப் பிரித்தே ஆள்கிறது. ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள தகவலில் தான் காட்ட விரும்பியதைத் தான் விரும்பிய வடிவில் காட்டுவது வெளிப்படைத்தன்மை எனவும், எதைக் காட்டவேண்டும் என்பதைக் கேட்பவர் தீர்மானிக்க, பதிலளிப்பது நிறுவனத்தின் கடமையாக இருப்பது கணக்கொப்புவித்தல் எனவும் இங்கு கொள்ளப்படும். முன்னது பெருகினால் பின்னதும் தானாக வந்துசேரும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இலங்கையின் பத்தாண்டு அனுபவம் அந்நம்பிக்கைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

2015 யூலை 28இல், கொழும்பு அலரி மாளிகையில், இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கூகுள் நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. ‘லூன்’ எனப்பட்ட அத்திட்டத்தின்படி, தரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் எல்லைக்கும் மேலே, சூரிய மின்கலங்களோடு மிதக்கும் பலூன்கள், தரையிலுள்ள தொலைபேசி நிறுவனத்தின் சமிக்ஞையைப் பெற்றுப் பரந்த நிலப்பரப்புக்கு இணைய வசதியாகத் திருப்பி அனுப்பும். அவற்றைச் செலுத்த இயந்திரம் கிடையாது. வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு திசைகளில் வீசும் காற்றைத் தேடி ஏறியும் இறங்கியுமே அவை இடம் பிடிக்கும். பாய்மரக் கப்பல் கட்டிய வல்வெட்டித்துறைக்கு இந்த உத்தி அந்நியமானதன்று. 13 பலூன்கள் இலங்கை முழுவதற்கும் போதும் எனக் கூறப்பட்டது. தெற்கே தெய்வேந்திரமுனை தொடக்கம் வடக்கே பருத்தித்துறை வரை ஒரு கிராமமும் விடுபடாமல் மலிவான அதிவேக இணையம் கிடைக்கும் என்றும், சில மாதங்களிலேயே அது நிறைவேறக்கூடும் என்றும் அன்றைய வெளிவிவகார அமைச்சர் மங்கள சமரவீர ஒப்பமிடும் நிகழ்வில் தெரிவித்தார். அந்நிகழ்வுக்குச் சரியாக இருபது நாட்களின் பின், ஓகஸ்ட் 17இல், பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

‘பருத்தித்துறை வரை’ என்ற சொற்றொடர் தெற்கில் ஓர் அலங்காரமாகவே ஒலித்திருக்கலாம். குடாநாட்டில் அது அவ்வாறு ஒலிக்கவில்லை. 1990இல் மின்சாரம் அறுந்தபின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டுப் பல ஆண்டுகள் கழித்த சமூகம் இது. கைத்தொலைபேசிச் சேவையும் தெற்கில் பரவிப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடுதான் இங்கு வந்தது. தொடர்பு என்பது எவராலோ வெட்டப்படக்கூடியது, எவராலோ தரப்படக்கூடியது என்ற அறிவு ஊறிப்போன இடத்தில், வானத்திலிருந்து எல்லோருக்கும் சமமாக இறங்கும் இணையம் என்பது ஒரு தொழில்நுட்பச் செய்தி மாத்திரமாக இருக்க முடியாது.

2016 பெப்ரவரியில் தென்னமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட முதலாவது சோதனைப் பலூன் இலங்கை வான்பரப்புக்குள் வந்தது. இரண்டொரு நாளில் கம்பளைப் பகுதியின் தேயிலைத் தோட்டமொன்றில், காற்றிழந்த நிலையில், மின்னணுக் கருவிகளோடு கிராமத்தவர் அதைக் கண்டெடுத்தனர். விழுந்ததாகச் செய்திகள் கூறின. திட்டமிட்டபடியே இறக்கப்பட்டது என முகவர் நிலையம் கூறியது. அக்காலத்தில் அது வெளியிட்ட மற்றொரு தகவலே இவ்வுரைக்கு முக்கியமானது: அமையவிருந்த கூட்டு நிறுவனத்தில் அரசு ஒரு சதமும் முதலிடாமல் 25 சதவீதப் பங்கைப் பெறும்; ஏற்கெனவே இயங்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கு 10 சதவீதம் வழங்கப்படும். அரசு தரவிருந்த ஈடு அலைக்கற்றை. வானொலி அலைகளில் குறித்த ஒரு வரிசையை ஒருவர் பயன்படுத்த ஒதுக்கும் உரிமையே அலைக்கற்றை எனப்படுகிறது, அது பொதுச்சொத்து. ஆகவே வாக்குறுதியின் ஒரு பக்கத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கனவும், மறுபக்கத்தில் எல்லாக் குடிமக்களுக்கும் உரிய ஒரு சொத்தும் இருந்தன.

2017இல், அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஹரீன் பெர்னாண்டோ திட்டம் தடைப்பட்டுள்ளதை வெளியிட்டார். கேட்கப்பட்ட அலைவரிசையை ஒதுக்கினால் பிற நாடுகளின் ஒலிபரப்புகளில் குறுக்கீடு ஏற்படும் என்பதும், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள் அதற்கு இடம்தரவில்லை என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. அலைவரிசைகளைப் பங்கிடும் சர்வதேச விதிகள் 2015இலும் இருந்தவையே. ஒப்பமிடும் முன்னர் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை இரண்டு ஆண்டு கழித்தே வந்தது. அதன்பின் லூன், கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட்டின் கீழ் 2018இல் தனி நிறுவனமாகி, 2020இல் கென்யாவில் வணிகச் சேவையைத் தொடங்கி, செலவைப் போதிய அளவு குறைக்க முடியவில்லை என்று கூறி 2021 ஜனவரியில் மூடப்பட்டது. மூடும்போது கென்யாவின் இணைய வசதிக்கென 10 மில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது. இலங்கையைப் பொறுத்தவரை, முடிந்தது என்று சொல்லும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. திட்டம் கைவிடப்படவும் இல்லை, நிறைவேறவும் இல்லை, பேச்சிலிருந்து மெல்ல நழுவியது.

தோல்வியைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. சோதனை முயற்சி தோற்கும் உரிமையுடையது. நியூசிலாந்து வானில் 2013இல் தொடங்கிய அம்முயற்சியில் மெய்யான அறிவியல் இருந்தது. குறை வேறிடத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் எந்தச் சனசமூக நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும், கடவுள் வணக்கமும் தலைவர் உரையும் முடிந்ததும், செயலாளர் எழுந்து சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். வாசிகசாலைக் கூரைக்கு ஓடு மாற்றுவது எனத் தீர்மானிக்கப்பட்டது என்ற வரி வந்தால், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மாற்றியாயிற்றா என்று கேட்பார். பொருளாளர் ஓட்டுக்குரிய பற்றுச்சீட்டைக் காட்டவேண்டும், அல்லது காசு வங்கியில் கிடக்கிறது என்று புத்தகத்தைக் காட்டவேண்டும். அதன் பிறகே அறிக்கை முன்மொழியப்பட்டு வழிமொழியப்படும். மிகச் சிறிய ஊர்ச் சங்கத்துக்கும் உள்ள இந்த ஒழுங்கு, உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் மேடையமைத்து நடத்தும் அறிமுக விழாக்களில் கிடையாது. அங்கே சென்ற ஆண்டின் அறிக்கையை வாசிப்பவர் எவருமில்லை.

லூன் நிறைவேறாத வாக்குறுதி. அதனால் எவரும் இறக்கவில்லை. முகநூலின் கதை வேறு. 2014ஆம் ஆண்டிலேயே கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், சிங்கள மொழி முகநூற் பக்கங்களில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பரவிய வெறுப்புரை பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளின் பின், 2018 பெப்ரவரி இறுதியில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி அம்பாறையில் வன்முறையாக வெடித்தது. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. குழந்தையையும் விடாது முஸ்லிம்களைக் கொல்லுமாறு சிங்களத்தில் எழுதிய ஒரு பதிவு, முறைப்பாடு செய்யப்பட்டும் ஆறு நாட்கள் நீக்கப்படாதிருந்ததையும், அது நிறுவனத்தின் விதி எதையும் மீறவில்லை என்று முறைப்பாட்டாளருக்குப் பதில் வந்ததையும் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சரே வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எடுத்துக்காட்டினார். அரசு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தி, மார்ச் 7 தொடக்கம் 15 வரை முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. நிறுவனம் கொழும்புக்கு ஆளனுப்பியது. சிங்களம் தெரிந்த மதிப்பீட்டாளர்களைக் கூட்டுவதாக உறுதியளித்தது.

அவ்வுறுதிமொழியின் கணக்கு எவ்வாறு ஒப்புவிக்கப்பட்டது என்பதே கேள்வி. ஆர்டிக்கிள் வன் என்ற ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு முகநூல் ஒரு மனித உரிமைத் தாக்க மதிப்பீட்டை 2018இல் செய்வித்தது. அதன் சாரமும் நிறுவனத்தின் பதிலும் 2020 மே மாதத்தில் வெளிவந்தன. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் நேர்ந்த மனித உரிமைப் பாதிப்புகளுக்காக நிறுவனம் அதில் மன்னிப்புக் கோரியது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது, ஏனெனில் அக்காலத்தில் வேறெந்தப் பெருநிறுவனமும் இலங்கையரிடம் அந்தளவுகூட இறங்கி வரவில்லை. ஆனால் மன்னிப்பு இரண்டு ஆண்டு கழித்து, கொரோனா ஊரடங்கின் நடுவே, ஆங்கிலத்தில் வந்தது. மதிப்பீட்டாளரைத் தேர்ந்ததும், பணம் கொடுத்ததும், எந்தப் பகுதியை வெளியிடுவது எனத் தீர்மானித்ததும் மதிப்பிடப்பட்ட அதே நிறுவனம். இந்தியா பற்றிய மதிப்பீட்டிலும் இதுவே நடந்தது: 2022 யூலையில் சில பக்கச் சுருக்கம் வெளியானது, முழு அறிக்கை கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. கணக்காய்வாளரைச் செயலாளரே நியமித்து, அவர் எழுதியதில் தமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் செயலாளரே வாசிக்கும் பொதுக்கூட்டத்தை எந்த ஊரும் ஏற்றுக்கொள்ளாது.

பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களின்படி, பொய்த்தகவலை வகைப்படுத்தும் வேலைக்கு ஒதுக்கப்பட்ட உலகளாவிய நேரத்தில் 87 சதவீதம் ஐக்கிய அமெரிக்காவுக்கும், எஞ்சிய 13 சதவீதம் உலகின் மற்றெல்லா நாடுகளுக்கும் போனது. அக்கணக்கு முழுமையற்றது, வெளி அமைப்புகளின் உண்மைச் சரிபார்ப்பு அதில் அடங்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மறுப்பு சரியாகவே இருக்கலாம். அப்படியானால் முழுமையான கணக்கு எங்கே என்று கேட்க, ஐரோப்பாவுக்கு வெளியே எவருக்கும் சட்டப்படி வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம், உள்ளடக்கத்தை மதிப்பிடுவோர் தொகையை ஒன்றியத்தின் ஒவ்வோர் ஆட்சிமொழிக்கும் தனித்தனியே வெளியிடுமாறு பெருந்தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் பேசும் மோல்டிய மொழிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிறுவனம் எழுதித் தரவேண்டும். இலங்கையில் 1987 தொடக்கம் அரசியலமைப்பின்படி ஆட்சிமொழியாகவும், உலகில் ஏழு கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழியாகவும் உள்ள தமிழுக்கு அந்தக் கட்டாயம் எங்குமில்லை.

இந்த எண்ணிக்கையைக் கேட்பது வெறும் மொழிப்பற்றினால் எழுவதன்று. தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் போதாது. ‘இயக்கம்’ என்ற சொல் சென்னைத் திரைப்படச் சுவரொட்டியில் நெறியாள்கையைக் குறிக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில், அடைமொழி எதுவுமின்றி, ஆயுதப் போராட்ட அமைப்பையே குறிக்கும். தமிழ்நாட்டில் செங்காந்தள் மாநில மலர், பாடப்புத்தகத்தில் நிறந்தீட்டும் படம். இங்கு அதே பூ கார்த்திகைப் பூ, நவம்பர் மாதத்து நினைவேந்தலின் சின்னம். படத்தைப் பார்க்கும் இயந்திரமும், அதைப் பழக்கியவரும் இவ்விரு பூக்களில் எதைக் காண்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு பதிவு நிற்கிறது அல்லது நீக்கப்படுகிறது. நீக்கப்பட்டவருக்கு வரும் அறிவிப்போ, ஆபத்தான நபர்களும் அமைப்புகளும் பற்றிய விதி மீறப்பட்டது என்பதோடு நின்றுவிடும். அந்நபர்கள் யார், அமைப்புகள் எவை என்ற பட்டியலை நிறுவனம் வெளியிடுவதில்லை. நிறுவனமே அமைத்த மேற்பார்வைச் சபை 2021 ஜனவரியில் அதை வெளியிடுமாறு பரிந்துரைத்தும் வெளியிடப்படவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் இன்ரசெப்ற் என்ற செய்தித்தளம் கசிந்த பிரதியை வெளியிட்டபோது, அது பெருமளவு அமெரிக்க அரசின் பட்டியல்களைத் தழுவியிருப்பது தெரியவந்தது. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இல் தடைசெய்தது. இறந்த பிள்ளையின் படத்துக்கு விளக்கேற்றும் தாயின் ஒளிப்படமும், ஓர் அமைப்பைப் புகழும் சுவரொட்டியும் ஒன்றா என்பதைப் பற்றி இலங்கையில் வெவ்வேறு கருத்துகள் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் தீர்ப்பு எந்த விதியின்கீழ் வழங்கப்பட்டது என்பதைத் தண்டிக்கப்பட்டவர் வாசிக்க முடியாத நிலையை எந்தத் தரப்பு நியாயப்படுத்தும்? முகநூற் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானவர்கள் உள்ள நாட்டில் இக்கேள்வி கூடுதற் கனமுடையது.

காட்டப்பட்டதே பின்னர் மறைக்கப்பட்ட கதையும் உண்டு. எந்தப் பொதுப்பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை ஆய்வாளரும் செய்தியாளரும் நேரடியாகக் காண உதவிய ‘கிறவுட்டாங்கிள்’ என்ற கருவியை முகநூல் 2016இல் விலைக்கு வாங்கியது. 2024 ஓகஸ்ட் 14இல் அதை மூடியது. இலங்கையின் சனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21இல் நடந்தது. மாற்றாக வந்த உள்ளடக்க நூலகத்துக்கு ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். வணிகச் செய்தி நிறுவனங்களுக்கு அவ்வனுமதியும் கிடையாது.

வட்ஸ்அப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அதை 2014இல் வாங்கியபோது, இரு சேவைகளின் கணக்குகளையும் நம்பகமாக இணைக்க இயலாது என முகநூல் ஐரோப்பிய ஆணையத்திடம் கூறியது, 2016இல் இணைத்தது, அந்தச் சாத்தியம் 2014இலேயே ஊழியருக்குத் தெரிந்திருந்தது எனக் கண்ட ஆணையம் 2017இல் 110 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2021ஆம் ஆண்டுக் கொள்கை மாற்றத்துக்காக இந்தியாவின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் விதித்தது. வாக்கு மீறப்பட்டபோது விலை கேட்டவை, கேட்கும் அதிகாரம் பெற்ற அமைப்புகளே. குடும்பச் செய்தியிலிருந்து கோயில் உபயகாரரின் கணக்குவரை வட்ஸ்அப் குழுவில் நடத்தும் யாழ்ப்பாணத்தவர் அதே மாற்றத்துக்கு ஒரு பொத்தானை அழுத்திச் சம்மதித்தனர்.

இதற்கு மறுமொழியாக இலங்கை அரசு செய்தது என்ன? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தளங்கள் எதை நீக்கவேண்டும் எனக் கட்டளையிடும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு வழங்கியது. நீக்கும் முறை பற்றிய கணக்கைக் குடிமகன் கேட்கும் உரிமையை வழங்கவில்லை. நிறுவனம் வைத்திருந்த திரைக்குப் பக்கத்தில் அரசு தன் திரையையும் தொங்கவிட்டது என்றே கூறவேண்டும். இப்போது மீண்டும் வானத்திலிருந்து ஒரு வாக்குறுதி வந்துள்ளது. ஸ்ரார்லிங்க் செய்மதி இணையம் 2024இல் உரிமம் பெற்று, 2025 யூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. இடையில் ஏற்பட்ட தாமதத்துக்கு, பாதுகாப்புத் தேவைகளுக்காக அரசு கேட்ட கண்காணிப்புப் பலகை தயாராகாமை ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அதாவது பயனரைப் பார்க்க அரசுக்கு ஒரு பலகை உண்டு; நிறுவனத்தைப் பார்க்கப் பயனருக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதும் முழு உண்மையன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பகிரங்க அதிகாரசபைகளை வரையறுக்கும்போது, அரசின் உடன்படிக்கை, பங்காண்மை அல்லது உரிமத்தின்கீழ்ப் பொதுச் சேவை ஒன்றை நடத்தும் தனியார் நிறுவனங்களையும், அச்சேவையின் அளவுக்கு, உள்ளடக்குகிறது. அதன் 9ஆம் பிரிவு, 1 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களையும் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களையும் தொடங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அறிவிக்கும் கடமையை அமைச்சருக்கு விதிக்கிறது. மூன்று ஞாயிறுகள் மூன்று மாதங்களாகியுள்ளன, எண்ணம் பழையதுதான். கலிபோர்னியாவில் இயங்கும் முகநூலை இச்சட்டம் எட்டாது என்பது மெய்யே. ஆனால் அலைக்கற்றை பெற்றவரும் உரிமம் பெற்றவரும் கொழும்பில் கையொப்பமிட்டவர்களே. அவர்களது உரிமத்தின் நிபந்தனைகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் உள்ளன. நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் எத்தகைய சேவை உறுதியளிக்கப்பட்டது, தவறினால் என்ன தண்டம், பயனர் தரவு எந்த ஆணையின்பேரில் எவருக்குக் காட்டப்படும் என்பவை அங்கு கேட்கத்தக்க கேள்விகள். பாதுகாப்பு என்ற காரணம் காட்டிச் சில மறுக்கப்படும். மறுப்பும் காரணத்தோடு எழுத்தில் வரவேண்டும், அதன்மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடும் உண்டு.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் கூறவேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.